மதுரையிலிருந்து கும்பக்கரைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு மதுரையில் அடிக்கிற வெயில் தனி ரகம். மொட்டைமாடித் தொட்டியில் இரவு பத்து மணிக்கும் தண்ணீர் சுடும். அந்த வாரங்களில்தான் வீட்டுக்கு வீடு அருவிப் பேச்சு கிளம்பும். குற்றாலம் ஒரே நாளில் போய்வருவதற்குத் தொலைவு. குட்லாடம்பட்டி வாடிப்பட்டிக்குப் பக்கம்தான். ஆனால் சிறுமலையில் நல்ல மழை பெய்தால் மட்டுமே அங்கே தண்ணீர். சுருளிக்குக் கம்பம் வரை போக வேண்டும். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது. காலையில் கிளம்பி, ஆசைதீரக் குளித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டுமென்றால் மதுரைக்காரர்களுக்குப் பொருத்தமானது பெரியகுளத்துக்கு மேலே இருக்கும் கும்பக்கரை.

பள்ளிக்கூட நாட்களிலிருந்து அங்கே போய்வருகிறேன். முதல்முறை போகிறவர்கள் என்னிடம் வழி கேட்பார்கள், பஸ் கேட்பார்கள், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று கேட்பார்கள். அவர்கள் கேட்காமல் விடுகிற ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் குளிக்கப்போகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஆற்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கும்பக்கரையில் விழுவது பாம்பாற்றுத் தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளையான பழனி மலையில், கொடைக்கானலின் தெற்கு விளிம்பில், பாம்பார்புரம், வட்டக்கானல், வெள்ளகவிப் பகுதிகளில் பெய்யும் மழைதான் இங்கே அருவியாக வந்து சேர்கிறது. மேலே சோலைக்காடுகள் மழையை மண்ணுக்குள் இறக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அதனால்தான் மழை நின்று வாரக்கணக்கானாலும் பாம்பாற்றில் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தண்ணீர் கடைசியில் வைகைப் படுகைக்குத்தான் போகிறது. ஆக, நீங்கள் மதுரையில் பாலத்தின் மேல் நின்று பார்க்கும் ஆற்றின் ஒரு கிளையைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. பெரியகுளம் 1,000 அடிக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவே, மலையடிவாரத்தில் கும்பக்கரை. கொடைக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு நேர்கோட்டில் அளந்தால் 10 கிலோமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு குறுகிய தூரத்தில் இறங்கும் ஆறு மெதுவாக நடந்து வராது. மேலே ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால் அந்த நீர் மொத்தமும் பாறைச் சரிவுகளில் உருண்டு இறங்கிவிடும். கீழே நிற்கும் உங்கள் தலைக்கு மேல் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கலாம், ஒரு துளிகூட விழாமல் இருக்கலாம். அப்போதும் வெள்ளம் வரும்.

பலர் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. கும்பக்கரை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் அனுப்பும் கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக எச்சரிக்கை விடுக்கும்போது, "தேனிக்கு ஒன்றும் சொல்லவில்லையே" என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் பாருங்கள். இரண்டில் திண்டுக்கல்லை முதலில் பாருங்கள்.

எந்த மாதத்தில் போகலாம்

அருவியின் முழு அழகைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை கொடைக்கானலில் நன்றாகப் பிடித்திருக்கும் காலம். ஆனால் குளிக்கத் தடை விதிக்கப்படுவதும் அப்போதுதான் அதிகம். "கும்பக்கரை அருவியில் வெள்ளப்பெருக்கு: குளிக்கத் தடை" என்ற செய்தி அந்த மாதங்களில் நாளிதழ்களின் தேனிப் பதிப்பில் அடிக்கடி கண்ணில் படும். பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றால் சரி. குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் என் தேர்வு மார்கழியும் தையும். மழை ஓய்ந்திருக்கும், சேறு அடங்கியிருக்கும், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், வரத்தும் குறைந்திருக்காது. குளிர் மட்டும் எலும்பு வரை இறங்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு இறங்கினால் சமாளிக்கலாம்.

மாசி, பங்குனியில் அருவி மெலிந்துவிடும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுவே வசதி. பெரிய வெள்ளம் இல்லாமல் பாறையில் வழியும் நீரில் உட்கார்ந்து விளையாடலாம். சித்திரை, வைகாசியில் கோடை மழை மலையில் பெய்தால் ஒரே இரவில் அருவிக்கு உயிர் வந்துவிடும். அந்த மழையைத்தான் நம்பவே கூடாது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலையில் இடியோடு வரும், அரை மணியில் கொட்டிவிட்டுப் போய்விடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அதுவும் இப்படியொரு கோடை நாள்தான், பள்ளி விடுமுறைக் காலம்தான்.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறையில் அருவியைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும்.

முந்தின நாள் மாலை

இரண்டு விஷயம் விசாரிக்க வேண்டும். ஒன்று, கும்பக்கரையில் இப்போது குளிக்க அனுமதி உண்டா என்பது. அருவி வனத்துறையின் தேவதானப்பட்டி வனச்சரகத்தின் பொறுப்பில் இருக்கிறது. தடை போடுவதும் நீக்குவதும் அவர்கள்தான். வெள்ளத்துக்கு மட்டுமல்லாமல், யானை நடமாட்டம் இருந்தாலும் மூடுவார்கள். இரண்டாவது, கொடைக்கானலில் அன்று மழை பெய்ததா என்பது. கொடைக்கானலில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அவர்கள் "மத்தியானத்திலிருந்து விடாமல் பெய்கிறது" என்றால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டதே, லீவு போட்டாகிவிட்டதே என்று யோசிக்காதீர்கள். மூடிய கேட்டின் முன்னால் குழந்தைகளோடு நின்று திரும்பி வந்த அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. இரண்டு முறையும் முந்தின நாள் செய்தியைப் பார்க்காமல் கிளம்பியதுதான் காரணம்.

பையில் என்ன வைப்பது? மாற்றுத்துணி ஆளுக்கு ஒரு செட், துண்டு இரண்டு, ஈரத்துணி போட ஒரு தனிப் பை. குளிக்கும்போது உடுத்த, தண்ணீரில் நனைந்தால் கனக்காத துணியாக இருக்கட்டும். அருவி வேகத்தில் சேலை காலைச் சுற்றி இழுத்துவிடும், வேட்டியும் அப்படித்தான். பெண்களுக்குச் சுடிதார் வசதி. துப்பட்டாவைக் கரையிலேயே வைத்துவிட வேண்டும். தாலிச்செயின், மோதிரம், மூக்குக்கண்ணாடி எதுவும் அருவிக்கடியில் வேண்டாம். தண்ணீருக்குள் விழுந்த மோதிரத்தைத் தேடிக் கொடுக்க அங்கே யாராலும் முடியாது.

சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே நல்லது. புளியோதரையும் தயிர் சாதமும் தாங்கும். குளித்து ஏறியதும் பசி கண்ணைக் கட்டும் என்பதால் வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாகக் கட்டுங்கள். எவர்சில்வர் டப்பாவிலும் வாழையிலையிலும் கொண்டு போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதைவிட முக்கியம், அங்கே குரங்குகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டாலே இறங்கி வந்துவிடும். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள்.

போகும் வழி

பஸ்ஸில் போகிறவர்கள் ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டு அங்கே விசாரித்து மறுபடி ஆரப்பாளையம் வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தேனி, பெரியகுளம், கம்பம், கொடைக்கானல் பக்கம் போகும் வண்டிகள் ஆரப்பாளையத்தில்தான் நிற்கும்.

பாதை இரண்டு. ஒன்று உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் தேனி. அங்கிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீட்டரில் பெரியகுளம். மற்றது நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம். முதல் பாதையில் பஸ் அதிகம். இரண்டாவது பாதையில் கண்ணுக்கு விருந்து அதிகம்: வத்தலக்குண்டைத் தாண்டியதும் கொடைக்கானல் மலை சுவர் மாதிரி எழுந்து வலது பக்கம் கூடவே வரும். காட்ரோடு என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் கொடைக்கானல் மலைச்சாலை பிரிந்து ஏறும். நீங்கள் நேரே போக வேண்டும். எந்தப் பாதையானாலும் பெரியகுளம் சேர இரண்டரை மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலும் இருக்கிறது. 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக மாறி, 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூன் மாதம் போடிநாயக்கனூர் வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. காலை ரயிலைப் பிடித்துத் தேனியில் இறங்கிப் பெரியகுளத்துக்கு பஸ் ஏறலாம். குழந்தைகளுக்கு ஆண்டிபட்டிக் கணவாயை ரயிலில் கடப்பது தனி சந்தோஷம். ஆனால் திரும்பும் நேரத்தை ரயிலுக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். நான் போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்வேன்.

பெரியகுளத்திலிருந்து அருவி 8 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு பஸ்ஸை நம்பிக் காத்திருக்காமல் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். போவதற்கும் வருவதற்கும் சேர்த்துப் பேசுங்கள், திரும்ப வரவேண்டிய நேரத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆட்டோக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "அண்ணே, நேற்று ராத்திரி மேலே மழையா?" மலையடிவாரத்தில் வாழ்கிறவர் அவர், தினமும் பார்க்கிற மலையைப் பற்றிச் சரியாகச் சொல்லுவார். வழி நெடுக மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வரும். பெரியகுளம் மாம்பழத்துக்குப் பேர்போன ஊர்; தோட்டக்கலைக் கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது. சித்திரையில் போனால் அந்தச் சாலையில் காற்றே மாம்பழ வாசனையாக வீசும்.

கேட்டைத் தாண்டியதும்

வனத்துறை நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும், வாகனம் இருந்தால் அதற்குத் தனியாக. பையைத் திறந்து பார்ப்பார்கள். மதுபாட்டில், பிளாஸ்டிக் இருக்கிறதா என்றுதான். முகம் சுளிக்காதீர்கள். ஈரப்பாறையில் உடைந்த கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாது. என் தங்கையின் உள்ளங்காலில் ஐந்து தையல் போட்ட அந்தச் சில்லு யாரோ ஒருவர் பையில் மறைத்துக் கொண்டுபோன பாட்டிலிலிருந்து வந்தது. அந்தப் பரிசோதனை இன்னும் கடுமையாக இருந்தால் நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

உடனே தண்ணீருக்குள் இறங்கிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்தைப் புதிதாக வருகிற யாரும் செலவழிப்பதில்லை.

கும்பக்கரை செங்குத்தாக ஒரே இடத்தில் கொட்டும் அருவி இல்லை. பெரிய பாறைத் தளங்களின் மேல் வழிந்து, குடைவுகளில் தேங்கி, மறுபடி வழிந்து, பிறகு முக்கிய அருவியாக இறங்குகிறது. மேலே இருக்கும் அந்தக் குடைவுகளுக்கு ஊர்க்காரர்கள் பேர் வைத்திருக்கிறார்கள்: யானைக் கெஜம், குதிரைக் கெஜம், பாம்புக் கெஜம், உரல் கெஜம், அண்டாக் கெஜம். ஆழமான நீர்நிலைக்குப் பழந்தமிழில் கயம் என்று பெயர். தென்மாவட்டப் பேச்சில் அது கசம் ஆனது. இந்தக் கெஜம் அதே சொல்லின் வம்சம்தான் என்பது என் எண்ணம்.

அவற்றில் உரல் கெஜம் என்ற பேரை வைத்தவரை நான் மனதுக்குள் பலமுறை வணங்கியிருக்கிறேன். தண்ணீர் வற்றியிருக்கும் மாதத்தில் பாறையின் ஓரத்தில், பாதுகாப்பான தூரத்தில் இருக்கும் சிறு குழி ஒன்றைப் பாருங்கள். விளிம்பு வழவழவென்று வட்டமாக இருக்கும். உள்ளே எட்டிப்பார்த்தால் அடியில் கூழாங்கற்கள் நான்கைந்து, பந்து மாதிரி உருண்டு கிடக்கும். ஆற்று நீர் சுழலும்போது அந்தக் கற்களையும் சுழற்றுகிறது. கல் பாறையைக் குடைகிறது. பாறையும் கல்லை உருட்டி மழுக்குகிறது. உரலும் குழவியும்தான். கையளவு குழி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஆள் முழுகும் கெஜமாகிறது. இப்படிக் குடைந்த குழிக்குச் சாய்வான ஓரம் கிடையாது. உள்ளே இறங்கியவர் காலூன்ற முடியாது, வழவழப்பான சுவரைப் பிடித்து ஏறவும் முடியாது. மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், அடியில் சுழல் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே மாட்டிக்கொள்வது இதனால்தான். "ஆபத்தான பகுதி" என்று வைத்திருக்கும் பலகையைத் தாண்டி, படம் எடுப்பதற்காகக்கூட மேலே ஏற வேண்டாம்.

பாறையில் நடக்கவும் பழக வேண்டும். வெள்ளையாகக் காய்ந்திருக்கும் பாறை நம்பகமானது. கறுத்து மினுங்கும் பாறையில் பாசி இருக்கிறது. பச்சையாகத் தெரிந்தால் மட்டும்தான் பாசி என்று எண்ணாதீர்கள், கறுப்புப் பாசிதான் அதிகம் வழுக்கும். ரப்பர் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, முழங்காலைச் சற்று மடித்து, பாதம் முழுவதும் பதியும்படி அடி எடுத்து வையுங்கள். குதிகாலை முதலில் வைத்தால் விழுவீர்கள். வயதானவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் நின்று உங்கள் தோளை அவர்கள் பிடித்துக்கொள்ளட்டும்.

குளிக்கும் முறை

தலையைக் கொண்டுபோய் நேராக அருவிக்கடியில் நீட்டக் கூடாது. முதலில் ஓரத்தில் வழியும் நீரில் காலை நனையுங்கள், பிறகு கை, முகம், உச்சி. உடம்பு குளிருக்குப் பழகிய பிறகு அருவியின் ஓரத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் கொடுங்கள். தோளிலும் முதுகிலும் நீர் விழும்போது கிடைக்கும் சுகம் தலையில் வாங்கினால் கிடைக்காது; காதடைப்பும் தலைவலியும்தான் கிடைக்கும். வரத்து அதிகமாக இருக்கும் நாளில் நடு அருவிக்குள் போகவே வேண்டாம். மேலேயிருந்து தண்ணீரோடு சிறு கல்லும் குச்சியும் வரும்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே இறங்காதீர்கள். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் ஆனவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து கால் நனைத்தால் போதும். குழந்தைகளுக்குக் கணக்கு எளியது: ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், போன் கையில் இல்லாமல். உதடு நீலம் பாரித்தாலோ பல் கிட்டினாலோ பிள்ளை எவ்வளவு அழுதாலும் வெளியே தூக்கித் துவட்டிவிடுங்கள்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து அருவியில் குளிப்பது நம் ஊர்ப் பழக்கம். சோப்பும் ஷாம்பூவும் பிறகு சேர்ந்துகொண்டன. குற்றால அருவிகளில் இவற்றைப் பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. கும்பக்கரையிலும் நீங்களாகவே தவிர்த்துவிடுங்கள். கீழே இதே தண்ணீரை நம்பி மாடும் தோப்பும் மனிதர்களும் இருக்கிறார்கள். அது போக, உங்கள் உடம்பிலிருந்து வழியும் எண்ணெய்தான் அடுத்து வருகிறவர் காலடியில் வழுக்கும்.

ஆறு சொல்லும் அறிகுறிகள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ஓர் ஐப்பசி மாதத்தில் அக்கா மகனோடு போயிருந்தேன். தடை நீங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. மதியம் ஒரு மணி இருக்கும். தலைக்கு மேல் வெயில். நானும் அவனும் அருவிக்குக் கீழே, ஒரு பாறையின் நுனியில் உட்கார்ந்து தண்ணீரில் காலைத் தொங்கவிட்டிருந்தோம். அவன்தான் முதலில் சொன்னான்: "மாமா, தண்ணீர் டீ மாதிரி இருக்கிறது." குனிந்து பார்த்தேன். அதுவரை அடியில் கிடந்த மணலை எண்ணிவிடலாம் போல் தெளிவாக இருந்த நீரில், மெல்லிய பழுப்பு நூல் நூலாகக் கலந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று காய்ந்த இலைகள் சுழன்று வந்தன, பின்னாலேயே ஒரு பச்சைக் கிளைத் துண்டு. எங்கள் பாறையில் ஈரம் படாமல் வெள்ளையாக இருந்த கோடு ஒன்று, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நனைந்தது. அதே நேரம் வனத்துறை ஊழியரின் விசில் கேட்டது. அவர் ஒரு பக்கம் கத்த, நாங்கள் ஒரு பக்கம் பையை எடுக்க, எல்லோரும் மேலே ஏறினோம். கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையையே காணவில்லை. செம்பழுப்பு நுரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேல் அப்போதும் வெயில்தான் அடித்தது.

அன்று நான் பார்த்த வரிசையை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீரின் நிறம் மாறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். காய்ந்த பாறையின் ஓரம் நனையத் தொடங்கும். அருவியின் சத்தம் கனத்துவிடும். பள்ளத்தாக்கிலிருந்து திடீரென்று சில்லென்ற காற்று வீசுவதும் உண்டு. இவற்றில் எந்த ஒன்றைக் கண்டாலும் விசிலுக்குக் காத்திருக்காமல் வெளியேறுங்கள். ஆற்றின் போக்கிலேயே கீழே ஓடக் கூடாது. பக்கவாட்டில், உயரமான கரையைப் பார்த்து ஏற வேண்டும். செருப்பும் துண்டும் கிடக்கட்டும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வர முயலக் கூடாது. முழங்கால் அளவு வேகமான நீர் வாட்டசாட்டமான ஆளையும் சாய்த்துவிடும். மேட்டில் உட்கார்ந்து காத்திருந்தால் ஆட்கள் கயிற்றோடு வருவார்கள்.

உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் பாருங்கள்: குளிக்கும் இடத்திலிருந்து மேலே ஏற வழி எங்கே இருக்கிறது, எத்தனை அடி தூரம், பாட்டியால் அந்தப் பாறையில் ஏற முடியுமா? முடியாதென்றால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

அருவிக்கு மேலே போகும் ஒற்றையடிப் பாதை

அங்கிருந்து மலையேறும் ஒரு பாதையைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான். மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு இந்தப் பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையில்தான் நடந்தும் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையில் இயங்கிவந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள். வெள்ளகவி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மலைப்பாதைதான் வாழ்க்கை. ஊர் எல்லைக்குள் செருப்பு அணிவதில்லை என்ற கட்டுப்பாட்டையும் அவர்கள் காத்துவருகிறார்கள். ஆனால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல், அருவிக்கு வந்த கையோடு அந்தப் பாதையில் ஏறாதீர்கள். யானையும் காட்டெருமையும் நடமாடும் காடு.

கிளம்பும் நேரம்

மூன்று மணிக்குள் நீரை விட்டு ஏறிவிடுங்கள். மலை மழைக்கு அதுதான் நேரம். கேட்டை மூடும் நேரமும் நெருங்கிவிடும். இலை, மிச்சச் சோறு, குழந்தையின் டயப்பர் எதையும் அங்கே விடாமல், ஈரத்துணிப் பையோடு சேர்த்துக் கட்டி எடுத்து வாருங்கள்.

நேரமிருந்தால் பெரியகுளத்தில் வராக நதிக்கரையில் இருக்கும் பாலசுப்பிரமணியர் கோயிலைப் பாருங்கள். ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே நிற்கும் ஆண் மருதம், பெண் மருதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வத்தலக்குண்டு வழியாகத் திரும்பினால் தேவதானப்பட்டிக்குப் பக்கத்தில், மஞ்சளாற்றின் கரையில் மூங்கிலணைக் காமாட்சி அம்மன் கோயில். அங்கே மூடிய கதவுக்குத்தான் பூசை நடக்கிறது. எங்கள் வீட்டில் கும்பக்கரை என்றால் அந்தக் கதவின் முன் ஒரு சூடம் ஏற்றுவதும் சேர்த்துத்தான்.

அந்த வழியாக வரும்போது பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். மலை முழுவதும் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் உச்சியில் கருமேகம் இறங்கி உள்ளுக்குள் மின்னல் வெட்டுவதைப் பார்த்தால், மறுநாள் கிளம்பத் திட்டமிட்டிருக்கும் பக்கத்து வீட்டாருக்கு அன்றிரவே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.